எந்தப் பக்கம் ஓடுவீங்க?

என் வீட்டில் ஒரு லேத் மெஷின் இருக்கிறது. சமையலறைக்கும் அதற்கும் நடுவில் ஒற்றைச் சுவர்தான். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடிக்கும், இந்தப் பக்கம் நான் இரும்பைக் கடைந்துகொண்டிருப்பேன். மந்தாரக்குப்பத்தில் ஒரு பெண் வீட்டோடு லேத் போட்டிருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தவர்கள் நிறையப் பேர். வந்தவர்கள் மெஷினைப் பாராட்டினார்கள். போனால் போகிறதென்று என்னையும் பாராட்டினார்கள். ஒரு டன்னுக்கு மேல் கனக்கிற அதை யார் உள்ளே கொண்டுவந்து வைத்தது என்று ஒருத்தராவது கேட்க வேண்டுமே? கேட்கவில்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வைத்தவர் சைமன்ராஜ் அண்ணன். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கட்டையான உடம்பு, சட்டைப் பொத்தானோடு தினமும் மல்லுக்கட்டும் தொந்தி. கனமான சாமான்களை இடம் மாற்றி வைக்கும் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்க்கிறார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாதா கோயில் பூசை முடிந்ததும் சொந்த வேலை. யாராவது வீட்டில் மாவு மில் வைக்கிறார்களா, பேக்கரிக்கு அடுப்பு இறக்குகிறார்களா, கல்யாண மண்டபத்துக்கு ஜெனரேட்டர் வருகிறதா, கூப்பிட்டால் கடப்பாரையும் கனம் இழுக்கிற செயின் பிளாக்குமாக வந்து நிற்பார். ஊரில் அவருக்கு ‘ஓட்டக்கார சைமன்’ என்று பெயர். அந்தத் தொந்தியைப் பார்த்துக்கொண்டே எப்படி இந்தப் பெயரை வைத்தார்கள் என்று எனக்கு விளங்கியதில்லை. சின்ன வயதில் பந்தயத்தில் ஏதாவது கப்பு வாங்கியிருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

அவரை எனக்குப் பட்டறையில்தான் பழக்கம். நான் ஐ.டி.ஐ.யில் டர்னர், அதாவது லேத்தில் கடைகிற வேலை, படித்தவள், வகுப்பில் ஒரே பெண். பக்கத்துச் சுரங்க டவுன்ஷிப்பில் அப்ரண்டிஸ் முடித்து, பர்மனன்ட் ஆகிவிடுவோம் என்று எல்லாரையும் போலக் காத்திருந்து, பலரையும் போல ஆகாமல் வெளியே வந்தேன். பிறகு மெயின் ரோட்டில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தேன். அங்கே வருகிறவர்கள் “ஓனர் இல்லையா?” என்று என் தலைக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். நான் ஏதோ காலண்டர் மாதிரி சுவரில் தொங்குவதாக நினைப்பு. சைமன் அண்ணன் மட்டும் நேராக என்னிடம் வந்து, “திலகா, இந்தக் கப்பிக்கு ஒரு பின் கடைஞ்சி குடும்மா” என்று அளவைச் சொல்லிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். வேலை முடியும் வரை பேசமாட்டார். சின்ன விஷயம்தான். ஆனால் அந்த வயதில் எனக்கு அது சின்னதாகத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.

பட்டறை ஓனருக்கு வயதாகி மகள் வீட்டோடு கோயம்புத்தூர் போகிறபோது, “இத வேற யாருக்காச்சும் வித்தா எனக்கே மனசு கேக்காது, நீயே எடுத்துக்க” என்றார். அந்த லேத்தின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன கோளாறு என்று சொல்கிறவள் நான். வேண்டாம் என்று சொல்ல வாய் வருமா? சீட்டு, நகை, தங்கச்சி கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவை உட்பட எல்லாம் அதற்குள் போயிற்று. இன்னொன்று வாங்க இந்த ஜென்மத்தில் வழியில்லை. அது உடைந்தால் நான் மறுபடி எங்காவது வேலைக்குப் போய், தலைக்கு மேலே எட்டிப் பார்க்கிறவர்கள் முன்னால் நிற்க வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரர் நெடுமாறன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மாமனார் சாமியே கும்பிடாத கட்சி. மகன் அவர் பங்கையும் சேர்த்துக் கும்பிடுகிறார். தினசரிக் காலண்டரில் ராகுகாலமும் எமகண்டமும் பார்க்காமல் ஆட்டோவைக் கிளப்ப மாட்டார். அந்த நேரத்தில் நல்ல சவாரி வந்தால் மட்டும், “போறது அவுங்க, நேரமும் அவுங்களோடது” என்று கிளம்பிவிடுவார். ஆனால் நல்ல மனுஷன். லேத் வாங்கலாமா என்று நான் இழுத்தபோது, “வாங்கு, ஆட்டோ பின்னால ‘லேத் வேலை செய்து தரப்படும்’னு எழுதிடறேன்” என்றவர்.

வீட்டை ஒட்டி ஒரு ஷெட் இருந்தது. அதில் லேத் வரப்போகிறது என்றதும் நான் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, ஆசையாசையாகத் தரைக்கு டைல்ஸ் ஒட்டி வைத்திருந்தார். சைமன் அண்ணன் இடம் பார்க்க வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

“இன்னா தம்பி, உள்ள வரப்போறது லேத்தா, கல்யாணப் பொண்ணா?”

“பாக்க அழகா இருக்கட்டுமேன்னு போட்டேங்க அண்ணே.”

“அழகாத்தான் இருக்கு. மெஷின ஏத்துனா அப்பளமா நொறுங்கும். பேத்துடு.”

நெடுமாறன் முகம் தொங்கிப்போயிற்று. ஆனாலும் பேர்த்தார். அந்த இடத்தில் மண்ணை ஆழமாகத் தோண்டி, கம்பி கட்டி, காங்கிரீட் போட்டு, போல்ட் இறங்குவதற்குக் குழி விட்டார்கள். அது இறுகும் வரை பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினோம். அண்ணன் போகிற வழியில் எட்டிப் பார்த்து, குதிகாலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, “இன்னும் வேணாம்” என்று போய்விடுவார். லேத் பழைய பட்டறையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. எனக்கு மண்டை காய்ந்தது. அவசரப்படுத்தவும் முடியவில்லை, ஏனென்றால் அவர் என்னிடம் காசு வாங்காமல் வந்தவர்.

அந்தக் காங்கிரீட் போடுவதற்கு முன்னால், இடம் குறிக்கிற அன்று, நான் லேத்தைச் சுவரோடு ஒட்டிப் போடலாம் என்றேன். இடம் மிச்சமாகும், ஒரு ஓரம் அரிசி மூட்டை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. அண்ணன் தலையை ஆட்டினார்.

“பின்னால நீ போய் வரணும். இரும்புச் சுருளு கூட்டணும், பெல்ட் மூடியத் தொறக்கணும். ஒட்டி வெச்சா சந்துல கைய வுட்டுகினு கெடப்பே. அரிசி மூட்டைக்கு வேற எடம் பாரு.” பிறகு என்னைப் பார்த்து, “இங்க நில்லு. மெஷின் இருக்கறதா நெனச்சி வேல செய்யி” என்றார்.

வெறும் தரையில் நின்று, இல்லாத கைப்பிடியைச் சுற்றி, இல்லாத இரும்பைக் கடைந்து காட்டினேன். நெடுமாறன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை. என் பாதத்தைச் சுற்றிச் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். இடது கையை நீட்டச் சொல்லி, அது எட்டுகிற இடத்தில் ஸ்விட்ச் வர வேண்டும் என்று சுவரில் ஒரு பெருக்கல் குறி போட்டார். பிறகு கேட்டார், “சுத்தறது புடி வுட்டுப் பறந்தா எங்க போவும்?” கை நீட்டிக் காட்டினேன். என் விரல் நேராகச் சமையலறைக் கதவைக் காட்டிக்கொண்டு நின்றது. அண்ணன் கோட்டை அழித்துவிட்டு, இரும்பைப் பிடித்துச் சுற்றும் மெஷினின் தலை வெற்றுச் சுவரைப் பார்க்கிற மாதிரி திருப்பி வரைந்தார். போல்ட் குழிகளுக்கான குறிகளை மட்டும் மறுபடி போட வேண்டியிருந்தது. இன்றைக்கும் சாம்பார் தாளிக்கும்போது அந்தக் கதவைப் பார்த்தால் அவரை நினைத்துக்கொள்வேன்.

காங்கிரீட் இறுகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை லேத் வந்தது. எங்கள் தெருவில் கரண்டு கம்பிகள் கொடி கட்டின மாதிரி தாழத் தொங்கும். கிரேன் உள்ளே வராது. தெருமுனையில் இறக்கி, இரண்டு தடித்த கட்டைகளின் மேல் லேத்தைப் பூட்டி, கீழே இரும்புக் குழாய்களைக் கொடுத்து உருட்டிக்கொண்டு வந்தார்கள். அண்ணனோடு இளவழகன் என்று ஒருவரும் இன்னும் மூன்று பேரும் இருந்தார்கள்.

எங்கள் தெருவில் எல்லாரும் சுரங்கத்தில் ஏதோ ஒரு பெரிய மெஷினோடு பாதி ஆயுளைக் கழித்தவர்கள். கனமான சாமான் ஒன்று உள்ளே வந்தால் யோசனைக்குப் பஞ்சமிருக்காது. எதிர்வீட்டு கோபாலகிருஷ்ணன் சார் பர்மனன்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். நாற்காலியைக் கேட்டுக்கு வெளியே போட்டு உட்கார்ந்து, “லெஃப்ட்ல புடிங்க! ஆங், ரைட்ல வுடுங்க!” என்று ஆரம்பித்துவிட்டார். சைமன் அண்ணன் போய்க் கையெடுத்துக் கும்பிட்டார்.

“சார், உங்க கொரலு நல்ல கொரலுங்க. ஆனா இன்னிக்கு ஒரே கொரல்தான் கேக்கணும். அது என்னுதா உங்களுதா, நீங்களே சொல்லுங்க.”

சார் கொஞ்சம் யோசித்து, “உன்னுதே இருக்கட்டும்பா” என்று சொல்லிவிட்டு ஹிந்து பேப்பரை விரித்துக்கொண்டார்.

லேத் எங்கள் கேட்டை நெருங்கியதும் அண்ணன் எல்லாரையும் நிறுத்தி, ஒவ்வொருவரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டார். அது என் காதில் முதல்தடவையாக விழுந்தது அன்றைக்குத்தான்.

“இளவழகா, இது சாஞ்சா எந்தப் பக்கம் ஓடுவே?”

“பின்பக்கம், தெருவுக்குண்ணே.”

“நீ?”

“ஷெட்டு உள்ளாற.”

இப்படி எல்லாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. என்னிடமும் கேட்டார். சமையலறைக்குள் என்றேன். நெடுமாறனிடம் கேட்டபோது அவர் வேடிக்கையாக, “நேரா டீக்கடைக்கிண்ணே” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

“சரி, டீக்கடைக்கு எந்த வழியா?” என்றார் அண்ணன்.

“கேட் வழியா.”

“அப்ப கேட் வரைக்கும் வழிய காலி பண்ணு.”

கேட்டிலிருந்து ஷெட் வரை காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நான் வைத்திருந்த ரோஜாத் தொட்டிகள், துளசி, ஆட்டோ டயர், எல்லாவற்றையும் எடுக்க வைத்தார். மெஷின் நகர நகர இரண்டு பக்கமும் கட்டைகளை அடுக்கு அடுக்காக வைத்துக்கொண்டே வரச் சொன்னார். சாய்ந்தால் அதன் மேல் சாயட்டும் என்று. ஒரு முழம் இழுப்பார்கள், நிறுத்திக் கட்டையை நகர்த்துவார்கள், மறுபடி ஒரு முழம். கல்யாண ஊர்வலமே இதைவிட வேகமாகப் போகும். எனக்குப் பொறுமை போய், “அண்ணே, கைபோட்டுத் தள்ளுனா ஒரே மூச்சுல போயிடுமே” என்றேன்.

“கைபோட்டு மட்டும் யாரும் தள்ளக் கூடாது. சாஞ்சா யாரும் புடிக்கக் கூடாது. இரும்பு போனா இரும்புதான்” என்றார். எனக்குச் சுருக்கென்றது. அது உங்களுக்கு இரும்பு, எனக்கு அப்படியா என்று மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

கேட்டிலிருந்து ஷெட்டுக்கு ஏறுகிற சரிவில் பலகை விரித்திருந்தார்கள். மெஷின் அதன் அடிவாரத்துக்கு வந்ததும் அண்ணன் ஆப்பு வைத்து நிறுத்தி, எல்லாருக்கும் மோர் கொடுக்கச் சொன்னார். செயினை மாட்டிய இடத்தைச் சரிபார்க்க அவர் ஷெட்டின் உள்கோடிக்குப் போனார், மற்றவர்கள் கேட்டுக்கு வெளியே மோர் குடித்தார்கள். அப்போது நெடுமாறன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை உச்சியில் எமகண்டம் ஆரம்பிக்கும். அதற்குள் மெஷின் உள்ளே போகாது என்பது தெரிந்துவிட்டது. மெஷின் போகாவிட்டால் போகிறது, பூசையாவது முடியட்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பூசணிக்காயில் குங்குமத்தை நிரப்பி, கற்பூரம் ஏற்றி, மூன்று சுற்றுச் சுற்றி, ஷெட் வாசலில், அந்தச் சரிவிலேயே போட்டு உடைத்துவிட்டார். சைமன் அண்ணனுக்குக் கோபம் வருமோ என்று பயம் வேறு. அவசர அவசரமாகப் பலகையைத் தூக்கி, துண்டுகளைக் காலால் தள்ளி, துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, பலகையைப் பழையபடி போட்டார். மேலே பார்த்தால் சுத்தமாக இருந்தது. அடியில் சதையும் விதையும் கொழகொழவென்று கிடந்தது யாருக்கும் தெரியாது. எங்கள் ஊரில் புது வண்டி எடுத்தவன் முதல் தெருமுனையிலேயே தான் உடைத்த பூசணிக்காயில் வழுக்கி விழுவது ஒன்றும் புதிதில்லை.

மோர் முடிந்து, அண்ணன் செயினைப் பிடித்து, “போலாமா?” என்றார். எல்லாரும் “போலாம்” என்றார்கள். நெடுமாறன் காம்பவுண்டுச் சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் நின்று, மிச்சமிருந்த ஒரு பூசணித் துண்டைக் காலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். அங்கே யாரும் நிற்கக் கூடாது என்று அண்ணன் காலையிலேயே சொல்லியிருந்தார். மெஷினின் தலைப்பக்கம் மறைத்ததால் அவர் நிற்பது அண்ணன் கண்ணில் படவில்லை. செயின் இறுகியது. மெஷின் சரிவில் ஏறியது. பாதி ஏறினதும் பலகை அடியோடு பக்கவாட்டில் வழுக்கியது. குழாய்கள் கோணிக்கொண்டன. மோட்டாரும் பல்சக்கரங்களும் இருக்கிற கனத்த தலை, சுவர்ப் பக்கமாகச் சாய ஆரம்பித்தது.

நான் சமையலறை வாசலில் நின்றிருந்தேன். மெஷின் சாய்வது எனக்குத் தெரியவில்லை. அதன் மேல் பதிந்திருந்த இரண்டு கைகள்தான் தெரிந்தன. என் வீட்டுக்காரர் கைகள். பொண்டாட்டியின் லேத் விழுகிறது என்று பிடிக்கப் போயிருக்கிறார்.

“ஓடு!” என்று சைமன் அண்ணன் கத்தினார். கத்திக்கொண்டே அவரும் ஓடினார். இளவழகனும் மற்றவர்களும் அவரவர் சொன்ன பக்கம் சிட்டாய்ப் பறந்தார்கள். நான் ஓடவில்லை. “வுடுய்யா! போனா போவுது, வுட்டுட்டு வாய்யா!” என்று அலறினேன். கையிலும் கழுத்திலும் இருந்ததையெல்லாம் போட்டு வாங்கிய மெஷினைப் போனால் போகட்டும் என்று சொன்னது என் வாய்தான். அவர் கையை எடுத்தார். தொட்டி இல்லாத, டயர் இல்லாத அந்தச் சந்தில் கேட்டைப் பார்த்து ஓடினார். செருப்பு ஒன்று பின்னால் பறந்தது.

மெஷின் கட்டை அடுக்கின் மேல் விழுந்தது. அடுக்கு சறுக்கிக்கொண்டே போய்க் காம்பவுண்டுச் சுவரில் முட்டி நின்றது. தெருவே அதிர்ந்தது. சிமெண்டுப் பூச்சு உதிர்ந்தது. ஒரு கைச்சக்கரம் உடைந்து உருண்டு போய் வாசற்படியில் சாய்ந்து நின்றது. அதோடு சரி.

புழுதி அடங்கியதும் கிட்டே போய்ப் பார்த்தேன். மெஷினின் தலைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் ஒரு தலையணையைக்கூடச் செருக முடியாது. அங்கேதான் அவர் நின்றிருந்தார். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். லேத் போயிற்றே என்று அழுகிறேன் என்று நினைத்து கோபாலகிருஷ்ணன் சார், “ஒண்ணும் ஆவலம்மா, வீல் ஒண்ணுதான், காஸ்டிங் பாடி தப்பிச்சிடுச்சி” என்று ஆறுதல் சொன்னார்.

நெடுமாறனைக் காணோம். மனுஷன் சொன்ன சொல் தவறாமல் டீக்கடை வரை ஓடியிருக்கிறார். ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தவர், யார் முகத்தையும் பார்க்கவில்லை. பூசணிக்காய் சமாசாரத்தை அவரே சொன்னார். இப்போது திட்டு விழும் என்று எல்லாரும் காத்திருந்தோம். சைமன் அண்ணன் பலகையைத் தூக்கி அடியில் பார்த்தார். “நானும் தூக்கிப் பாத்திருக்கணும்” என்று மட்டும் சொன்னார். பிறகு எல்லாரையும் உட்கார வைத்துச் சாப்பாடு போடச் சொன்னார். மெஷினை யாரையும் தொட விடவில்லை. கை நடுக்கம் நின்ற பிறகுதான் வேலை என்றார்.

சாப்பிட்டுவிட்டு, சரிவைக் கழுவித் துடைத்து மணல் தூவி, ஜாக்கி வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினார்கள். ஒரு விரல் உயரம், கீழே ஒரு கட்டை. மறுபடி ஒரு விரல், மறுபடி ஒரு கட்டை. இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. வெயில் தாழ்வதற்குள் லேத் அதன் இடத்தில் போய் நின்றது. அடுத்த ஞாயிறு வந்து ரசமட்டம் வைத்து, குறுக்கிலும் நெடுக்கிலும் தகடு செருகிச் சமன் பார்த்து, போல்ட் குழிகளில் சிமெண்டை ஊற்றினார். அது இறுகி, எர்த் கம்பி இறக்கி, லைன் கொடுத்து, பெருக்கல் குறி போட்ட இடத்திலேயே ஸ்விட்ச் வைத்தோம். நான் முதலில் கடைந்தது உடைந்த கைச்சக்கரத்துக்கு ஒரு மாற்று. மெஷின் துளி அதிரவில்லை. அதன் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பார்த்தேன், தண்ணீர் அலுங்கவில்லை. சந்தோஷத்தில் அந்தத் தண்ணீரை நானே குடித்தேன்.

சந்தோஷம் எனக்கு மட்டும்தான். வீட்டுக்காரர் சுருங்கிப்போய்விட்டார். ஆட்டோ ஸ்டாண்டில் விஷயம் பரவிவிட்டது. பெண்டாட்டியின் மெஷினை விட்டுவிட்டு டீக்கடைக்கு ஓடியவர் என்று கிண்டல். போதாததற்கு ‘ஓட்டக்கார நெடுமாறன்’ என்று பெயரும் வைத்துவிட்டார்கள். ஸ்டாண்டுக்குப் போகாமல் ரயில்வே கேட் பக்கம் தனியாக நிறுத்திச் சவாரி பிடித்தார். வீட்டில் பேச்சில்லை. நான் சொன்னால் காதில் ஏறவில்லை. ஒரு நாள் சைமன் அண்ணன் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வெக்கமா இருக்கா தம்பி?”

“ஆமாண்ணே. நான் புடிச்சிகினு நின்னிருக்கணும்.”

“அப்பிடித்தான் தோணும். ரொம்ப நாளு தோணும்” என்றார் அண்ணன். பிறகு, “சாப்பிட்டியா?” என்று கேட்டார். விளக்கு வைக்கும் வரை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அன்றைக்குத்தான் நெடுமாறன் பல நாளுக்குப் பிறகு மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அண்ணனுக்கு நன்றி சொல்லாமல் எனக்கு மனசு ஆறவில்லை. ஒரு வாழைப்பழச் சீப்பும் ஒரு டப்பா ஜாங்கிரியும் வாங்கிக்கொண்டு சைமன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி மார்த்தாள் அக்கா வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு, நடந்ததைச் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள் என்றேன்.

அக்காவின் கை நின்றது. “அவருக்கு ஏன் அந்தப் பேரு வந்துச்சுன்னு ஒனக்குத் தெரியாதா?”

தெரியாது என்றேன்.

அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் நடந்தது. விருத்தாசலம் பக்கம் ஒரு மாவு மில்லில் மெஷின் இறக்கப் போனார்கள். சைமன் அண்ணன் ஒரு பக்கம், சேவியர்ராஜ் என்கிற அவருடைய சிநேகிதர் ஒரு பக்கம். கட்டியிருந்த கயிறு அறுந்து மெஷின் சாய்ந்தது. சைமன் அண்ணன் கையை விட்டு ஓடிவிட்டார். சேவியர்ராஜ் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உயிரோடு வீடு திரும்பவில்லை.

“ரெண்டு பேரும் புடிச்சிருந்தா நின்னிருக்கும்னு இன்னிக்கும் சொல்றாங்க” என்றார் அக்கா. “எங்கம்மா நிக்கும்? அத்தாம் பெரிய மெஷினு. ரெண்டு பேரையும் தூக்கித்தான் வெச்சிருப்பாங்க. யாரு கேக்கறா? சாவுக்கு மாலை எடுத்துகினு போனாரு. அத வாங்கி வெளிய போட்டாங்க. அந்தச் சேவியர் பொண்டாட்டி, கோயில்ல எதுக்க வந்தா இன்னும் மூஞ்சியத் திருப்பிக்கும். அதுமேல தப்பு சொல்ல முடியாது. இவரு ஒரு வார்த்த பேசல. அந்த மில்லுக்கு அப்பறம் வேலைக்குப் போன எடத்துலல்லாம் ஆளு ஆளா நிறுத்தி, எந்தப் பக்கம் ஓடுவேன்னு கேக்க ஆரம்பிச்சாரு. அதுக்கும் சிரிச்சானுங்க.”

கீரைக் காம்பைத் தரையில் வைத்தேன்.

“அக்கா, எங்க வூட்டுக்காரு இன்னிக்கு உசுரோட இருக்காரு. அண்ணன் ஓடுன்னு சொன்னதாலதான் இருக்காரு. அவரு அன்னிக்கு மில்லுல ஓடாம இருந்திருந்தா, எங்க வூட்டுல வந்து சொல்ல ஆளு ஏது? மெஷின எறக்குனதுக்கு நன்றி சொல்லத்தான் வந்தேன். இப்ப, அண்ணன் அன்னிக்கு ஓடுனாரே, அதுக்குத்தான் சொல்றேன்.”

மார்த்தாள் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஜாங்கிரி டப்பாவைப் பிரித்து, ஒன்றை எடுத்து முதலில் எனக்குக் கொடுத்தார்.

“அவரு அன்னிக்கு ஓடியாந்து இந்த வாசல்ல நின்னாரு பாரு, அதுலேருந்து தெனமும் செபத்துல அதுக்கு நன்றி சொல்லிகினு வரேன் திலகா. நான் ஒருத்தியேதான் சொல்லிகினு இருந்தேன். இத்தினி வருசம் கழிச்சி இப்பத்தான் தொணைக்கு ஒரு ஆளு வந்திருக்கே.”